செங்காங்குக்கு ஒரு பேய்

நாகூர் கனியின் காரில் ஏறுகிறவர்களுக்குப் பேய்க்கதை இலவசம். வேண்டாம் என்றாலும் கிடைக்கும். இருபது வருடம் சிராங்கூன் சாலை ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிய வாய் அது. கடையை மூடிவிட்டார்கள், ஐம்பத்தைந்து வயதில் மனிதர் வாடகைக் கார் ஓட்ட வந்துவிட்டார், ஆனால் வாய் மட்டும் ஓய்வுபெற ஒப்பவில்லை. அன்று சேலை விரித்தார், இன்று பேயை விரிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிலும் தொழில் சுத்தம் பார்ப்பார். யார் எந்தப் பேட்டைக்குப் போகிறார்களோ அந்தப் பேட்டைப் பேயைத்தான் எடுப்பார். சாங்கி என்றால் பழைய ஆஸ்பத்திரி வராந்தாவில் தானாக உருளும் சக்கர நாற்காலி. பிடோக் என்றால் வாழைமரத்துப் பெண்பேய் பொந்தியானாக். புக்கிட் தீமா என்றால் காட்டுப்பாதையில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், திரும்பிப் பார்த்தால் தொலைந்தீர்கள். சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதம் பிறந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது நடக்கும் கெத்தாய் தெருமேடைக் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டிருப்பார்கள் அல்லவா, தெரியாமல் அதில் போய் உட்கார்ந்தவனின் மடியில் யாரோ வந்து உட்கார்ந்த கதையை எடுத்துவிடுவார். அவர் குடியிருக்கும் ஈசூனுக்கு மட்டும் ஒன்றல்ல, ஒன்பது. இந்தத் தீவில் மனிதர்களுக்கு வீடு ஒதுக்குவதுபோலப் பேய்களுக்கும் வட்டாரவாரியாக இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

இன்னொன்று, அவருடைய பேய்கள் எல்லாம் பகலில் வருகிறவை. இரவில் கார் எடுக்கக்கூடாது என்பது மனைவி பரீதாவின் உத்தரவு. தானே கண்ணால் பார்த்ததாக அளந்துவிடும் கதையில் நேரம் இடிக்கக்கூடாதே.

பரீதாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. "செத்து மௌத்தானவங்க ரூஹு எங்க போகணுமோ அங்க போயிடுது. ரோட்டுல நின்னு காரை மறிக்குதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? அல்லாஹ்வுக்குப் பயந்துக்குங்க" என்பாள். "நான் என்ன நம்பவா சொல்றேன்? ஜாம்ல பொழுது போகணும்ல" என்பார் இவர். உண்மையில் அவருக்குப் பேயில் இம்மியும் நம்பிக்கை கிடையாது. ஒரு பேயையும் பார்த்ததில்லை. பேயை நம்பாதவனுக்குத்தான் பேய்க்கதை கூச்சமில்லாமல் வரும் போலிருக்கிறது.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, செங்காங்கில் அர்ஃபான் என்ற கல்லூரி மாணவன் ஏறினான். சிராங்கூனுக்குப் போகவேண்டும். ஏறியதும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"அங்கிள், நீங்கதானே அந்த கோஸ்ட் ஸ்டோரி டிரைவர்? என் ஃபிரெண்ட் சொன்னான். நான் பாட்காஸ்ட் பண்றேன், சிங்கப்பூர் ஃபுல்லா, ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு பேய். எல்லாம் கிடைச்சிருச்சு, செங்காங்தான் மாட்டல. இங்க பேயே இல்ல லா. எல்லாம் புது பிளாக்கு."

கனிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. இருபது வருடம், இல்லாத நிறத்தைக்கூட இல்லை என்று சொல்லாமல் வியாபாரம் செய்த ஆள். சேலை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா?

"யாரு சொன்னா இல்லேன்னு?" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கதையைத் தேடினார். சிவப்பு விளக்கில் கார் நின்றது. இடப்பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம். பக்கத்து விளக்குக் கம்பத்தில் யாரோ வெள்ளைப் பூங்கொத்து ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் ஒரு சோயா பீன் பாக்கெட், ஸ்ட்ரா குத்தி, யாரும் குடிக்காமல் இருந்தது. அது போதும் அவருக்கு.

"போன மாசம், இதே இடம். சாயங்காலம் நாலு மணி, கொட்டுற மழை. அந்த பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு கை காட்டுச்சு. புக்கிங் இல்ல, ஆனா நனையுதேன்னு ஏத்திக்கிட்டேன். எங்கம்மா போகணும்னா, 'சிராங்கூன்'. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசல. கையில ஒரு சோயா பீன் பாக்கெட், ஸ்ட்ரா குத்தினது, குடிக்கல. சிராங்கூன் வந்து பிளாக்குக்குக் கீழ நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஆளைக் காணோம். கதவு திறக்கவே இல்ல. சீட்டு மட்டும் சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்கு, நடுவுல அந்த பாக்கெட் நிக்குது."

அர்ஃபான் கையை நீட்டி மயிர்க்கூச்செறிந்திருப்பதைக் காட்டினான். முழுவதையும் பதிவு செய்திருந்தான். இறங்கும்போது கைப்பேசி எண்ணைத் தந்து, ஐந்து நட்சத்திரமும் கொடுத்தான். அந்தப் பூவைக் கட்டியது யார், எதற்காக என்று கனி ஒரு நிமிடம் நினைத்திருந்தால் அவருடைய நாக்கு எழுந்திருக்காது. பாவி மனிதர் நினைக்கவில்லை.

கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. ஜூன் மாதத்திலேயே, உட்லண்ட்ஸில் ஏறிய ஒரு சீனப் பெண்மணி அதை அவருக்கே ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. ஜூலையில் அவளுக்குப் பாதங்கள் இல்லாமல் போயின. ஒவ்வொரு முறையும் கனி ஒன்றும் தெரியாதவர்போல "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக்கொள்வார். தான் பெற்ற பிள்ளை ஊரெல்லாம் பெயர் வாங்குவதைக் கேட்பதுபோல் உள்ளுக்குள் குளிர்ந்திருந்தார்.

ஆகஸ்டில், அதுவும் ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு சிராங்கூனிலிருந்து செங்காங்குக்கு ஓர் அழைப்பு வந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் அடுக்குமாடி பிளாக்கின் கீழே குடையோடு நின்றிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், பெயர் குணமணி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பின்னால் ஏறி, நடுவில் உட்காராமல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். கைப்பேசியில் ஓட்டுநர் பெயரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

செங்காங் என்றதும் கனியின் வாய் தானாகத் திறந்தது. "அம்மா, செங்காங்ல ஒரு கதை உண்டு..." என்று அவர் தொடங்குவதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். யாழ்ப்பாணத் தமிழ்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? போன ஏப்ரலில, மழைக்குள்ள, செங்காங் பஸ் ஸ்டொப்பில ஒரு பிள்ளையை ஏத்தினது நீங்களோ?"

கனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவரும் கேட்டுவிட்டாரா என்று கண்ணாடியில் பார்த்தார். அந்த அம்மாளின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அவள் என்ர மகள்" என்றார் குணமணி. "மயூரா. அங்க பாலர் பள்ளியில டீச்சரா இருந்தவள். பிப்ரவரியில, வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கேக்க லொறி ஒண்டு மழையில சறுக்கி வந்து அடிச்சுப்போட்டுது. இருபத்தாறு வயசு. அவளின்ர அப்பா ராஜரத்தினம் போய் ஆறு வருஷம், வீட்டில நானும் அவளும்தான்."

கனி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்த பொட்காஸ்ட்டை எனக்கு ஆரோ அனுப்பினவை. தமிழ் டிரைவர் ஒருத்தர் கண்டவராம். எல்லாரும் கட்டுக்கதை எண்டு சொல்லினம். நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா அந்த சோயா பீன் பாக்கெட்? அது அவள் ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு அந்த இடத்தில நிண்டு குடிக்கிறது. பேப்பரில வரேல்ல, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சிராங்கூன் எண்டும் சொல்லியிருக்கிறாள். எங்கட வீடு சிராங்கூனில. கண்ட ஆளுக்குத்தானே தெரியும், தம்பி?"

இல்லாத ஒன்றை வாயால் செய்தவருக்கு ஒரு கணம், நிஜமாகவே அப்படி ஒரு பெண் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாளோ என்றுகூடத் தோன்றியது.

"பதினொரு டிரைவர்மாரைக் கேட்டுட்டன். தமிழ்ப் பேர் வந்தால் கேப்பன். அந்த மனுசனைக் கண்டால் ஒரே ஒரு விசயம் கேக்கவேணும். அவளுக்குக் குளிர்ந்ததோ? ஏசியைக் குறைச்சு விட்டவரோ?" குணமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பிள்ளை வீட்டை வரத்தான் பாக்கிறாள். பிளாக் வரைக்கும் வந்திட்டு மேல வர ஏலாமல் நிக்கிறாள். அதுதான் நான் வாசல் இரும்புக் கேற்றைப் பூட்டுறதில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பாப்பன். மூண்டு மாசமா நித்திரை இல்லை. நீங்களோ தம்பி?"

"இல்லம்மா" என்றார் கனி. "நான் இல்ல."

அது பொய்யா உண்மையா என்று அவருக்கே விளங்கவில்லை. யாரையும் ஏற்றவில்லை, ஆகவே உண்மை. கதை சொன்னது அவர், ஆகவே பொய். மிச்ச தூரம் முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் காரில் அப்படி ஒரு பயணம் நடந்ததே இல்லை.

நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோதுதான் அந்தக் கம்பத்தைப் பார்த்தார். அடியில் இருபது முப்பது சோயா பீன் பாக்கெட்டுகள். ஊதுவத்திக் குச்சிகள். கம்பத்தில் மார்க்கர் பேனாவால் யார் யாரோ நாலு இலக்க லாட்டரி எண்களைக் கிறுக்கியிருந்தார்கள். பேயிடம் நம்பர் கேட்கிற கூட்டம் எங்கேதான் இல்லை? "பாருங்கோ, ஊர் பேர் தெரியாத சனமெல்லாம் அவளுக்கு வாங்கி வைக்கினம்" என்றார் குணமணி, கொஞ்சம் பெருமையோடு. பிறகு தன் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். ஸ்ட்ராவைப் பிரித்துக் குத்தி, மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தார்.

"பிள்ளை போன நாளில இருந்து வியாழனில வியாழனில வந்து வைப்பன். போகேக்க கையோட எடுத்துக்கொண்டு போயிடுவன். விட்டால் எறும்பு மொய்க்கும். அதனால இது ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போகும்போது கையோடு எடுத்துப்போய்விடுவார். அப்படியென்றால் அன்று, அந்த மே மாத வியாழக்கிழமை, கம்பத்தடியில் பாக்கெட் இருந்தபோது அந்த அம்மாளும் இங்கேதான் இருந்திருக்கிறார். இதே பெஞ்சில், காரிலிருந்து பத்தடி தூரத்தில், மகளைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கனியின் கண்ணுக்குப் பாக்கெட் தெரிந்தது, பூ தெரிந்தது, இல்லாத பேய்கூடத் தெரிந்தது. இருந்த தாய் தெரியவில்லை.

அன்று மூன்று அழைப்புகளை மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பரீதா பால் இல்லாத தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சொல்லச்சொல்ல அவள் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை, அதுதான் அவரை உடைத்துவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் பரீதா.

"சொன்னா அந்தம்மாவுக்கு இருக்கறதும் போயிடும் புள்ள. அதை நம்பித்தான் உசுரோட இருக்காங்க."

"நம்பித்தான் தூங்காம இருக்காங்க. மூணு மாசமா கதவைத் திறந்து போட்டுட்டு ஒரு பொம்பளை லிஃப்ட் சத்தத்துக்கு எழுந்து ஓடறாங்கன்னா, ஓட வைக்கறது நீங்கதான். சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

அர்ஃபானைக் கூப்பிட்டு எல்லாம் பொய் என்றார் கனி. அந்தப் பிள்ளையும் பதறிப்போய் அன்றே கதையை நீக்கிவிட்டான். "ஆனா அங்கிள், எல்லாரும் ஷேர் பண்ணிட்டாங்க. நான் எடுத்தாலும் அது போகாது" என்றான்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் கனி செயலியை அணைத்துவிட்டு செங்காங் போனார். பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தார். குணமணி பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் போய் உட்காரத் துணிவில்லாமல் எதிரே நின்றார்.

"அம்மா, நான்தான் அந்த டிரைவர்."

குணமணி எழுந்துவிட்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கனி சாகும்வரை மறக்கமாட்டார்.

"உக்காருங்கம்மா. நான் யாரையும் ஏத்தல. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் செங்காங்ல பேய் இல்லேன்னு சொன்னான், நான் இருக்குன்னு காட்ட வாயில வந்ததைச் சொன்னேன். சிக்னல்ல நின்னப்ப இந்தக் கம்பத்துக்கிட்ட நீங்க வச்ச பாக்கெட்டைப் பாத்தேன். நீங்க வச்சதுதான்மா அது. அதை எடுத்துத்தான் கதையில போட்டேன். அன்னைக்கு அந்தப் பையன் சிராங்கூன் போனான், அதனால சிராங்கூன்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்லம்மா. என்னை மன்னிச்சிடுங்க."

ஒரு பேருந்து வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. குணமணி கம்பத்தடியில் இருந்த தன் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவள் இங்க இல்லை" என்றார்.

"இல்லம்மா."

"மழைக்குள்ள நிக்கேல்ல."

"இல்லம்மா."

"அப்ப எங்க?"

ஊரில் உள்ள எல்லாப் பேய்களுக்கும் விலாசம் வைத்திருந்த மனிதரிடம்தான் அதைக் கேட்டார். குணமணி அழுதார். சத்தமில்லாமல், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, மூன்று மாதமாக அழ மறந்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். மகள் எங்கேயோ நிற்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு அவள் இன்றுதான் இறந்தாள். கனியும் நின்றபடியே அழுதார். திட்டுவார், கையில் உள்ள குடையால் நாலு அடிகூட அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். இதற்கு அது எவ்வளவோ தேவலை.

வெகுநேரம் கழித்து குணமணி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கிறன். பொய்தானே சொன்னனீங்கள். உங்கட வாய்தானே. பிளாக் வரைக்கும் கொண்டுவந்தனீங்கள், பிள்ளையை வீட்டை போக விட்டிருந்தால் என்ன? ஏன் நடுவழியில காணாமல் ஆக்கினனீங்கள்?"

"வீட்டுக்குப் போயிட்டா அது பேய்க்கதை ஆகாதும்மா" என்றார் கனி. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது.

குணமணி எழுந்தார். தன் பாக்கெட்டை எடுத்துப் பையில் வைத்தார். மற்ற பாக்கெட்டுகளையும் கம்பத்து எண்களையும் ஒருமுறை பார்த்தார். "உங்கட கார் எங்க?" என்று கேட்டார். "தொடங்கின ஆள் நீங்கள். முடிச்சு வையுங்கோ."

கனிக்குப் புரியவில்லை, ஆனாலும் காரைக் கொண்டுவந்தார். குணமணி முதலில் பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, மூடினார். பிறகு சுற்றிவந்து வலப்பக்கம் ஏறிக்கொண்டார். இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. கார் நகர்ந்ததும் "ஏசியைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றார். கனி குறைத்தார். நல்ல வெயில், வழியில் எங்கும் மழை இல்லை.

சிராங்கூன் பிளாக்கின் கீழே நிறுத்தியதும் குணமணி தானே இறங்கி லிஃப்ட் பக்கம் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். இப்போது என்ன செய்யவேண்டும் என்று கனிக்குத் தெரிந்தது. இறங்கிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். இறந்தவர்கள் திரும்புவதில்லை என்று ஓதி வளர்ந்தவர், பேயையும் நம்பாதவர், வெற்று இருக்கைக்கு முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் பிடிப்பது என்று தெரியவில்லை. களைத்துப்போன ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு இறங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பின்னால் வந்த வேன் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"ம்" என்றார் குணமணி. "மூடுங்கோ."

லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திக் கதவு மூடாமல் ஒரு நொடி பிடித்திருந்தார். பிறகு விட்டார். "இண்டைக்குக் கேற்றைப் பூட்டிப்போட்டுப் படுப்பன், தம்பி" என்றார். கதவு மூடிக்கொண்டது. கனி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஏழாவது மாடியில் இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம் கீழேவரை கேட்டது.

அதற்குப் பிறகு நாகூர் கனி பேய்க்கதை சொல்வதில்லை. வானிலை பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் பேசாமல் வருவார். நட்சத்திரம் குறைந்துவிட்டது. ஆனால் கதைக்கு அவர் தேவைப்படவில்லை, அது தன்பாட்டில் தீவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பொங்கோலுக்குப் போக ஏறிய யும்னா என்ற மாணவி, செங்காங்கைக் கடக்கும்போது அந்தக் கம்பத்தைக் காட்டினாள். இன்னும் பாக்கெட்டுகள் இருந்தன.

"அங்கிள், உங்களுக்குத் தெரியுமா? இங்க ஒரு பொண்ணு காருல ஏறுவாளாம். சிராங்கூன்னு சொல்வாளாம். ஆனா வீட்டுக்குப் போய்ச் சேரவே மாட்டாளாம். அப்படியே வேனிஷ் ஆயிடுவாளாம். டிரைவர் திரும்பிப் பாத்தா சீட்டு ஈரம்."

"இல்லம்மா. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சு" என்றார் கனி.

"யாரு சொன்னா?"

"நான்தான் கொண்டுபோய் விட்டேன். அம்மா கீழயே நின்னுகிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் லிஃப்ட்ல ஏறிப் போனாங்க."

யும்னா கொஞ்ச நேரம் அவரைக் கண்ணாடியில் பார்த்தாள். கிண்டலா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்போ அது பேய்க்கதையே இல்ல லா, அங்கிள்."

"இல்லம்மா" என்றார் அவர்.